நாக்கு கேட்பதும் உடம்பு கேட்பதும்

சகாய பிரவீன் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவன். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று பைக்கில் சுற்றுவான். டாக்டர்களின் அறைக்கு வெளியே டையைச் சரிசெய்தபடி காத்திருப்பான். உள்ளே கூப்பிட்டதும் கர்ப்பிணிகளுக்கான இரும்புச் சத்து டானிக்கைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிவிட்டு வருவான். நன்றாகவே பேசுவான். இந்தியப் பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பதைப் பற்றி அவன் பேசும்போது சில டாக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்ததுண்டு.

அப்படிப்பட்டவனை ஒரு நண்பன் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குயிலாப்பாளையத்துப் பக்கம் முந்திரித் தோப்பில் நடந்த இயற்கை உணவு முகாமுக்கு அழைத்துப் போனான். முகாமை நடத்தியவர் சீனுவாசன். தாடி வளர்ப்பதற்கு முன்னால் திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் வீட்டு மனை விற்றவர். அந்தக் காலத்தில், "இந்த மண்ணத் தொட்டுப் பாருங்க சார்" என்பார். இப்போதும் அதையே சொன்னார். சார் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, "மகனே" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஒடம்பு ஒரு நாளும் பொய் சொல்லாது. அது கேக்கறத குடுங்க. அவ்ளோதான் வைத்தியம்" என்றார்.

பிரவீன் திங்கட்கிழமை வேலையை விட்டான். அந்த வார இறுதிக்குள் விழுப்புரத்தில் கடைக்கு இடம் பார்த்துவிட்டான். 'தாய்மண் இயற்கை அங்காடி' திறந்தபோது, பழைய டைகளில் ஒன்றால் கேப்பை மூட்டையின் வாயைக் கட்டியிருந்தான்.

அவன் மனைவி ஆஷ்லின் திண்டிவனத்துப் பெண். விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். டை கட்டியவனைப் பார்த்துச் சம்மதித்தவள், கட்டாதவனோடு குடித்தனம் நடத்தினாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் உண்டானபோது பிரவீனுக்கு இரண்டு சந்தோஷம் வந்தது. ஒன்று அப்பா ஆகப்போகிற சந்தோஷம். மற்றது கடைக்காரனின் சந்தோஷம். இரண்டில் எது பெரியது என்று அவள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கடை வாசலில் அவள் படத்தோடு பேனர் ஏறியது: 'ஒரு தாயின் உடல் பேசுகிறது.' கீழே அவன் கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் 'கர்ப்பப் பெட்டி'யின் படம். பெட்டிக்குள் கேப்பை மாவு, வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை, முருங்கைப் பொடி, பனங்கற்கண்டு.

தினமும் காலையில், பல் துலக்குவதற்கு முன்பே வீடியோ எடுப்பான். அப்போதுதான் உடம்பின் குரல் தெளிவாக இருக்குமாம்.

"ஆஷ், கண்ண மூடிக்கோ. உள்ள போ. ஒடம்பு இன்னா கேக்குது?"

ஆஷ்லின் கண்ணை மூடினாள். உள்ளே போனாள். அங்கே எந்தக் குழப்பமும் இல்லை.

"பரோட்டா."

பிரவீன் போனைக் கொஞ்சம் கீழே இறக்கினான்.

"சால்னாவோட. பிச்சிப் போட்டு, மேல ஊத்தி, நல்லா ஊறணும்."

பதிவை நிறுத்தினான். "அது ஒடம்பு கேக்கல ஆஷ். நாக்கு கேக்குது."

"நாக்கு என் ஒடம்புலதான இருக்குது?"

"இருக்குது. ஆனா அது மைதாக்காரன் பேச்ச கேக்குது. நீ ஒடம்பு பேச்ச கேளு. திருப்பி உள்ள போ."

திருப்பி உள்ளே போனாள். பசித்தது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது, பள்ளிக்கும் நேரமாகியிருந்தது. "கேப்பைக் கூழ்" என்றாள்.

"பாத்தியா? வந்துச்சா? கொஞ்சம் சிரிச்சிக்கினு சொல்லு."

கணக்கு டீச்சர் என்பதால் சூத்திரத்தை அவள் சீக்கிரமே பிடித்துவிட்டாள். கடையில் விற்பதைக் கேட்டால் அது உடம்பு. விற்காததைக் கேட்டால் நாக்கு. விதிவிலக்கு கிடையாது. ஒரு நாள் வேண்டுமென்றே, "மல்லாட்டை உருண்டையில வெல்லம் கொஞ்சம் தூக்கலா கேக்குது" என்று சொல்லிப் பார்த்தாள். அது உடம்பா நாக்கா என்று பிரவீன் சீனுவாசனுக்குப் போன் போட்டுக் கேட்டான். பனங்கற்கண்டாக இருந்தால் உடம்பு என்று பதில் வந்தது.

நகர்ப்புறச் சுகாதார நிலையத்து நர்ஸ் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தாள். பிரவீன் அதைக் கையில் வாங்கி, பழைய சிநேகிதனை ரோட்டில் பார்த்துத் தெரியாத மாதிரிப் போகிறவனைப் போலப் பார்த்தான்.

"இது லேப்ல செஞ்ச இரும்பு. ஒடம்புக்கு இதோட பாஷ தெரியாது."

மாத்திரைகளை மொட்டைமாடிச் செம்பருத்தித் தொட்டியில் கரைத்து ஊற்றினான். செம்பருத்திக்கு அந்தப் பாஷை தெரிந்திருந்தது. கிளை தாங்காமல் பூத்தது. அந்தப் பூக்களைப் படம் எடுத்து, மாட்டுச் சாணக் கரைசலின் மகிமை என்று எழுதிப் போட்டான்.

வீட்டில் இந்த வைத்தியத்துக்கு இன்னொரு நோயாளியும் உண்டு. பிரவீனின் அப்பா இருதயநாதன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகனோடு இருந்தார். சர்க்கரை உண்டு. அவருக்கும் காலையில் கூழ், இரவில் சாமைக் கஞ்சி. சாயங்காலம் ஆனால் வாக்கிங் போகிறேன் என்று ஜங்ஷன் பக்கம் கிளம்பிவிடுவார். இந்த ஒரு பழக்கத்துக்காக மகன் அவரைப் பாராட்டி ஒரு வீடியோகூடப் போட்டிருந்தான்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் ஆஷ்லின் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டேஷனரிக் கடையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு டப்பா பல்பம். சிலேட்டில் எழுதுகிற அதே பல்பம்தான். ஒன்று ஏற்கெனவே வாய்க்குள் இருந்தது. எதிரே டீக்கடையில் இருதயநாதன் மசால் வடையைப் பாதி கடித்தபடி நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள்.

"ஸ்கூலு பசங்களுக்காம்மா?" என்றார் அவர், வடையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்.

"ஆமாங்க மாமா." வாயில் இருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "நீங்க வாக்கிங்கா?"

"ஆமாம்மா. இப்பத்தான் முடிச்சேன்."

இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். அவள் பல்பத்தைப் பற்றி அவரும், அவர் வடையைப் பற்றி அவளும் பேசவில்லை. வீட்டு வாசலுக்கு முன்னால் அவர் தன் கைக்குட்டையை நீட்டினார். "ஒதட்டுல வெள்ளையா இருக்குதும்மா" என்றார். அவள் துடைத்துக்கொண்டு, "உங்க சட்டப் பையில எண்ணெ" என்றாள்.

பல்பம் அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. பரோட்டா ஆசை வரும், போகும். இது போகவில்லை. முதல் மழை விழுந்த மண் வாசம் மூக்கில் எப்போதும் நின்றது. பல்பத்தைக் கடிக்கிற அந்தச் சத்தத்தில் தலைக்குள் ஏதோ ஒன்று அடங்கியது. வகுப்பில் கரும்பலகையில் கணக்கு முடிவதற்குள் சாக்பீஸ் முடிந்துவிடும். முன் வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் பிரவீன் தலையணைக்குக் கீழே டப்பாவைக் கண்டுபிடித்தான். ஆஷ்லின் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். அவனோ கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டான்.

"மண்ண கேக்குது ஆஷ்! உன் ஒடம்பு மண்ண கேக்குது! ஏன் எங்கிட்ட சொல்லல?"

சீனுவாசனுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் அவர் குரல் தழுதழுத்தது. "இப்பிடி ஒரு தாய்க்காகத்தான் இத்தினி காலமா காத்துக்கினு இருந்தேன்."

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ஆஷ்லினுக்குச் சந்தோஷமாக இருந்தது. மாதக்கணக்கில் அவள் கேட்டதெல்லாம் நாக்கின் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவையாக அவள் ஆசை ஒன்று உடம்பின் கணக்கில் ஏறியது. பிரவீன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அந்த வாரமே முந்திரித் தோப்பிலிருந்து செம்மண்ணைச் சலித்து, வெயிலில் காயவைத்து, வில்லை தட்டி அனுப்பினார்கள். பெயர் 'மண்ணமுது'. கர்ப்பப் பெட்டியில் அதற்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. பேனரும் மாறியது: 'மண்ணைக் கேட்ட தாய்.'

மண்ணமுதைத் தின்ன ஆரம்பித்த பிறகு அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற மாதிரிப் பாவனை செய்வாள். ஒரு புதன்கிழமை மாமனாரோடு நவநாள் பூசைக்குப் போனபோது மாதா கோயில் படியிலும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கே திருத்துவதற்கு நோட்டு இல்லை.

இருதயநாதன் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது, மூஞ்சியில சொட்டு ரத்தம் இல்ல. எழுந்திரு. ஆட்டோ புடிக்கறேன்."

"பூச ஆரம்பிச்சிடுவாங்க மாமா."

"மாதா கோச்சிக்க மாட்டாங்க. அவங்களும் புள்ள பெத்தவங்கதான்."

டாக்டர் சித்ரா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, ஊர் பேர் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"பல்பம் திங்கறியா? இல்ல பச்சரிசியா?"

ஆஷ்லின் மாமனாரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார்.

"பல்பம் மேடம். எப்பிடித் தெரியும்?"

"ரத்தத்துல இரும்பு ரொம்பக் கொறஞ்சிட்டா சில பேருக்கு இப்பிடி வரும். ஒடம்பு கேக்குதுதான். ஆனா மண்ணக் கேக்கல. எங்கயோ தீப்பிடிச்சிக்கிச்சின்னு கத்துது." ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்ததும் அவர் முகத்தில் சாதாரணம் போய்விட்டது. "மாத்திர எதுவும் போடலயா? வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?"

ஆஷ்லின் அவன் பெயரைச் சொன்னாள்.

"சகாய பிரவீனா? டை கட்டிக்கினு வந்து, கர்ப்பிணிக்கு இரும்பு எவ்ளோ முக்கியம்னு எனக்கே பாடம் எடுப்பாரே, அந்தப் பிரவீனா?" டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எதிரில் இருப்பவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "இனிமே மாத்திர பத்தாதும்மா. இரும்பு மருந்த டிரிப்புல ஏத்தணும். ஜல்தியா ஏத்தணும். பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாகூட நீ தாங்க மாட்ட."

வீட்டுக்கு வந்து ஆஷ்லின் பரிசோதனை முடிவை மேசைமேல் வைத்தாள். பிரவீன் அதைப் படிக்கவில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

"இந்த நம்பரெல்லாம் கம்பெனிக்காரன் வச்ச நம்பரு. பயமுறுத்தறதுக்கு. எனக்குத் தெரியாதா? நானே வித்தவன்."

"அப்போ பொய் சொல்லி வித்தீங்களா? இல்ல இப்போ பொய் சொல்லி விக்கறீங்களா?"

பிரவீன் வாயைத் திறந்தான். டாக்டர்களை மணிக்கணக்கில் உட்கார வைத்த வாய் அது. "திண்டிவனத்துல விழா முடியட்டும் ஆஷ். அப்பறம் பாப்போம்" என்றான்.

சீனுவாசன் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, 'தாய்மைப் பெருவிழா' ஏற்பாடு செய்திருந்தார். அந்தச் சனிக்கிழமைதான். ஆஷ்லின் சரி என்றாள். அவள் அம்மா வீடு திண்டிவனத்தில் இருந்தது. பெரிய பையில் துணிகளை அடுக்கினாள்.

"விழாவுக்கு எதுக்கு இவ்ளோ துணி?" என்றான் பிரவீன்.

"ஒடம்பு கேக்குது" என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. வளவனூர், கெடார் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் வைத்துப் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சின்னக் கர்ப்பப் பெட்டி இலவசம் என்று சொல்லியிருந்ததால், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காருகிற தங்கநிற நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் சீனுவாசன். மற்றதில் ஆஷ்லின். நடுவில் தாம்பாளம் நிறைய மண்ணமுது. கீழே பிரவீன் போனை வீடியோ எடுக்கிற முக்காலியில் மாட்டி நேரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

சீனுவாசன் வெகுநேரம் பேசினார். பிறகு மைக்கை அவளிடம் நீட்டினார். "சொல்லும்மா. வெக்கப்படாத. உன் ஒடம்பு இன்னா கேக்குது?"

ஆஷ்லினுக்கு மூச்சு வாங்கியது. "ரத்தம் கேக்குது ஐயா" என்றாள்.

மைக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"பல்பம் தின்னது மண்ணு ஆசையில இல்லயாம். ஒடம்புல இரும்பு இல்லாததால வர்ற கோளாறாம். டாக்டரு சொன்னாங்க."

சீனுவாசன் மனை விற்றவர். பத்திரத்தில் வில்லங்கம் இருக்கும்போதுதான் அவர் சிரிப்பு இன்னும் விரியும். "பாத்தீங்களா! ஒடம்பு இரும்பக் கேக்குது. இரும்பு எங்க கெடைக்குது? மண்ணுல. அந்த மண்ணு எங்க கெடைக்குது?" தாம்பாளத்தைக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. பிரவீன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

ஆஷ்லின் ஒரு நிமிடம் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தாள். பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு வில்லையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்க ஒண்ணு சாப்புடுங்க ஐயா."

"எனக்கு வேணாம்மா. என் ஒடம்பு இப்போ கேக்கல."

"எப்போ கேக்கும்?"

"நான் அந்தக் கட்டத்தத் தாண்டிட்டேன்."

"எப்போ தாண்டினீங்க? ஒண்ணாவது சாப்ட்டிருக்கீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அது மேடையை எட்டியபோது, நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கெடார்க்காரி, கெங்கம்மாள். மருமகளுக்குப் பெட்டி வாங்க வந்தவள்.

"ஏம்மா, எங்களயெல்லாம் யாரும் இப்பிடி மைக் குடுத்துக் கேக்கல. கேட்டிருந்தா நாங்களும் சொல்லியிருப்போம்."

"இன்னா சொல்லியிருப்பீங்க?" என்றாள் ஆஷ்லின்.

கெங்கம்மாள் யோசிக்கவே இல்லை. "ஆட்டுக்கறிக் கொழம்பு. பெரியவன் வவுத்துல இருக்கசொல்ல கேட்டேன். ஆக்கினாங்க. வாசன ஊருக்கே வந்துச்சி. ஆம்பளைங்க சாப்ட்டாங்க. எனக்கு சூடுன்னு சொல்லி ரசம் ஊத்தினாங்க. அவனுக்கே இப்ப புள்ள பொறக்கப்போவுது. அந்த வாசன இன்னும் போவல."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். "எனக்கு பிரியாணி. பேரக் கேக்காதீங்க, மாமியாரு பக்கத்துலயே இருக்காங்க." மாமியார் அவளை முறைத்தாள். பிறகு அந்த மாமியாரே, "நான் ஐஸு கேட்டேன். மணியடிச்சிக்கினு வருவானே, சேமியா ஐஸு" என்றாள். "எனக்குத் தூக்கம்" என்றது ஒரு குரல். "எங்கம்மா வூடு" என்றது இன்னொன்று. வளவனூரில் தையல் கடை வைத்திருக்கும் கவிதா எழுந்து நின்று, "கொழந்த பொறந்ததும் ஒரு சொம்புத் தண்ணி கேட்டேன். வயிறு போட்டுடும்னு குடுக்கல. அழுதேன். அப்பவும் குடுக்கல" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கே வெட்கப்பட்டவள் போல உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. சீனுவாசன் கண்ணைக் காட்ட, மைக்கை அணைத்தார்கள். ஸ்பீக்கரில் புல்லாங்குழல் போட்டார்கள். பெண்களுக்கு மைக் தேவைப்படவில்லை. நாற்காலிகளை ஒருவர் பக்கம் ஒருவர் திருப்பிப் போட்டுக்கொண்டு, புல்லாங்குழலுக்கு மேலே பேசினார்கள். "அமைதி தாய்மார்களே" என்று சீனுவாசன் கை கூப்பியதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆஷ்லின் மேடையிலிருந்து இறங்கினாள். கீழே இருதயநாதன் அவள் துணி அடுக்கிய பெரிய பையோடு நின்றிருந்தார். பிரவீன் ஓடி வந்தான்.

"ஆஷ், எல்லாம் லைவ்ல போய்க்கினு இருக்குது!"

"அப்போ நிறுத்துங்க."

பிரவீன் போனைப் பார்த்தான். பார்வையாளர் எண்ணிக்கை அவன் வாழ்நாளில் கண்டிராத இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. விரல் பொத்தானுக்குப் போயிற்று. தயங்கியது. அங்கேயே நின்றது. ஆஷ்லின் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாமனாரோடு வெளியே போய் ஆட்டோவில் ஏறினாள்.

டாக்டர் சித்ரா எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கைப்பையிலேயே இருந்தது. திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அன்றே முதல் டிரிப் ஏற்றினார்கள். பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் அம்மா சூசை மேரி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையும் மாப்பிள்ளையைப் பற்றிய வசவும் மாறி மாறிச் சொன்னாள். அடுத்த வாரங்களில் மறுபடி ஏற்றினார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு காலை பழக்கத்தில் பல்பத்தைக் கடித்தபோது அது கல்லாக இருந்தது. வெறும் கல். ஆஷ்லின் துப்பிவிட்டு, இதையா தின்றோம் என்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. சீனுவாசன் கவலைப்படவில்லை. அந்தத் தாயின் உடம்பு பேசவில்லை, பேச வைக்கப்பட்டது என்று விளக்கம் கொடுத்துவிட்டு, செய்யாற்றுப் பக்கம் வேறொரு தாயைக் கண்டுபிடித்தார். அவள் உடம்பு அவர் விற்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. பிரவீனைத்தான் கைவிட்டார். பிரவீன் கொஞ்ச நாள் கர்ப்பப் பெட்டியிலிருந்து மண்ணமுதை எடுத்துவிட்டு, பேரீச்சம் பழச் சாற்றை வைத்து, 'இரும்புப் பெட்டி' என்று விற்றுப் பார்த்தான். கடைக்கு வந்தவர்கள் வாங்கவில்லை. "உங்க சம்சாரம் எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுத்தான் சொன்னான்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. ஆஷ்லினுக்குப் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று சூசை மேரி அவள் காதில் பஞ்சை வைத்தாள். தலையில் துணியைக் கட்டினாள். மிளகுக் குழம்பும் சுட்ட கருவாடும் பூண்டும் வந்தன. தண்ணீர் மட்டும் கால் டம்ளர் வந்தது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா."

"தண்ணி குடிச்சா வயிறு போடும் கண்ணு. கொழந்தைக்கு சளி புடிக்கும்."

"கொய்யாப்பழம்?"

"வாயக் கழுவு. ஜன்னி வந்துடப்போவுது."

ஆஷ்லின் அம்மாவைப் பார்த்தாள். "நீ தெனம் அவர திட்டிக்கினு இருந்தியே. அவரு ஒடம்பு பேருல சொன்னாரு. நீ ஜன்னி பேருல சொல்ற. வேற இன்னா வித்தியாசம்?"

"நான் பெத்தவடீ!"

"அவரு கட்டினவரு. எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்குது."

எழுந்து, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனாள். குடத்திலிருந்து சொம்பு நிறைய மொண்டு, அம்மாவைப் பார்த்தபடியே நின்று குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து நைட்டி நனைந்தது. சூசை மேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் குழந்தைக்குச் சளி பிடிக்கவில்லை. அதற்கு ஜெபமாலைதான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் பிரவீன் ஒரு மதியம் வந்தான். முக்காலி கொண்டுவரவில்லை. போன் சட்டைப்பையில் இருந்தது. கை இரண்டு தடவை அங்கே போய்த் திரும்பியது. பழைய கம்பெனியில் இடமில்லையாம். வேறொரு கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்களாம். டாக்டர்களைப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது என்றான். டாக்டர் சித்ரா அவனை வெளியே நிறைய நேரம் உட்கார வைப்பார் என்று ஆஷ்லினுக்குத் தோன்றியது.

குழந்தையைப் பார்த்தான். அதன் விரலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"உனக்கு... ஏதாச்சும் வேணுமா?"

ஆஷ்லின் காத்திருந்தாள். கண்ணை மூடு, உள்ளே போ என்று எதுவும் தொடர்ந்து வரவில்லை. கேள்வி அவ்வளவுதான்.

"யோசிக்கணும்" என்றாள். "இத்தினி நாளா மத்தவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, எனக்கு இன்னா வேணும்னே மறந்துபோச்சி. வெளிய போய் உக்காருங்க. அப்பறமா வந்து கேளுங்க."

பிரவீன் வெளியே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சூசை மேரி, அவனோடு பேசுவதில்லை என்று எடுத்திருந்த முடிவை மீறிக் கேட்டாள்.

"இன்னா சொன்னா?"

"அப்பறமா வந்து கேக்கச் சொன்னா அத்த."

"எவ்ளோ நேரம் கழிச்சி?"

அதை அவன் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வரலாம் என்று எழுந்தான். அதுவும் தப்பான நேரத்தில் கேட்பதாக ஆகிவிடுமோ என்று பயம் வந்தது. மறுபடி உட்கார்ந்தான். உள்ளே ஆஷ்லின் குழந்தையை அணைத்தபடி நன்றாகத் தூங்கிவிட்டிருந்தாள்.